அறுபதும் அதன் அண்டை எண்களும்

பினாங்குத் தீவின் தலைநகரமான ஜார்ஜ்டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகில், லெபோ லைட்டும் லெபோ பந்தாயும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை நிற மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. விக்டோரியா மகாராணியார் அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைவடைந்ததை முன்னிட்டு, 1897ஆம் ஆண்டில் சியா சென் இயோக் என்னும் உள்ளூர் வணிகர் அதனைக் கட்டித் தர முன்வந்தார். ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் அதன் உயரம் 60 அடியாக அமைந்தது. கட்டுமானம் 1902இல்தான் நிறைவு பெற்றது. அதற்கு முந்திய ஆண்டே மகாராணியார் காலமாகிவிட்டார். இரண்டாம் உலகப் போரின்போது விழுந்த குண்டுகளால் மணிக்கூண்டு சற்றே சாய்ந்தது. உற்றுப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அந்தச் சாய்வு இன்றும் புலப்படும்.

60 அடி உயரமுள்ள கூண்டின் மேல் 60 நிமிடங்களைக் காட்டும் கடிகாரம் இருக்கிறது. உயரம் அரசியாரின் ஆட்சிக் காலத்தைக் குறிப்பது. நிமிடங்களோ பண்டைய மெசபடோமியாவிலிருந்து வந்த கணக்கு. அங்கு வாழ்ந்த மக்கள் எண்களை அறுபது அறுபதாக எண்ணினார்கள். தமிழரின் காலக் கணக்கிலும் இதே எண் ஆட்சி செய்கிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளும் அறுபதே. அந்தச் சுற்று முடியும்போதுதான் அறுபதாம் கல்யாணம் நடைபெறுகிறது. வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 12 ஆண்டுகளும், சனி சுற்றி வர ஏறக்குறைய 30 ஆண்டுகளும் ஆகின்றன. 12, 30 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. இந்த ஆண்டுச் சுற்றுக்கு இதையே காரணமாகக் கூறுவர்.

இத்தனை பேர் வெவ்வேறு காலங்களில் 60ஐ விரும்பியதற்கு அந்த எண்ணின் உள்ளமைப்பே காரணம். அதை 2, 3, 4, 5, 6 ஆகிய எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 10, 12, 15, 20, 30 ஆகியவையும் அதை மீதியின்றி வகுக்கும். 1ஐயும் 60ஐயும் சேர்த்தால் அதற்கு மொத்தம் 12 காரணிகள். இதனால் ஒரு மணி நேரத்தை அரை, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று எப்படிப் பிரித்தாலும் முழு நிமிடங்களே கிடைக்கின்றன. ஒரு மணிக்கு 59 நிமிடங்கள் என்று யாராவது வைத்திருந்தால் அரை மணி நேரம் என்பதே இருபத்தொன்பதரை நிமிடமாகியிருக்கும். பள்ளியின் பாட அட்டவணை தயாரிக்கும் ஆசிரியர்களின் நிலை பரிதாபமாக இருந்திருக்கும்.

ஓர் எண்ணைச் சமமாகப் பிரிக்க முடியுமா, முடியாதா என்னும் இந்தக் கேள்வியிலிருந்தே பகு எண், பகா எண் என்னும் பெயர்கள் பிறந்தன. பகுத்தல் என்றால் பிரித்தல். லிட்டில் இந்தியாவின் பலகாரக் கடை ஒன்றில் தீபாவளிக்காக லட்டுகளைப் பெட்டியில் அடுக்குவதாகக் கொள்வோம். 12 லட்டுகளை 2 வரிசையில் ஆறாறாகவோ, 3 வரிசையில் நான்கு நான்காகவோ அடுக்கலாம். 13 லட்டுகளை அவ்வாறு அடுக்க முடியாது. இரண்டு வரிசையாக வைத்தால் ஒன்று மிஞ்சும். மூன்று வரிசையாக வைத்தாலும் ஒன்று மிஞ்சும். 13ஐயும் நீளமாக ஒரே வரிசையில்தான் வைக்க வேண்டும். இவ்வாறு 1ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, 1ஐவிடப் பெரிய முழு எண்ணே பகா எண். வேறு காரணிகளும் உள்ள எண் பகு எண்.

2, 3, 5, 7, 11, 13, 17, 19 எனப் பகா எண்களின் வரிசை தொடங்குகிறது. இரட்டைப்படை எண்களுள் 2 மட்டுமே பகா எண். மற்ற இரட்டைப்படை எண்கள் அனைத்தும் 2ஆல் வகுபடும். 1 இவ்விரு வகையிலும் சேராது. பல மாணவர்கள் 1ஐப் பகா எண் என்று எழுதி மதிப்பெண் இழக்கின்றனர். அதைச் சேர்க்காததற்கான காரணத்தை அறிந்தால் அந்தத் தவறு நேராது. அக்காரணம் தண்ணீர்மலைப் படிகளில் கிடைக்கும்.

பினாங்குத் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்லும் படிகள் 513. தைப்பூசத்தன்று காவடியுடன் ஏறும் பக்தர்கள் அவற்றை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். கணிதம் படிப்பவர்கள் எண்ணிப் பார்க்கலாம். 5, 1, 3 ஆகிய இலக்கங்களைக் கூட்டினால் 9. ஆகவே 513ஐ 9ஆல் வகுக்கலாம். விடை 57. இது 3 × 19. 9 என்பது 3 × 3. எனவே 513 = 3 × 3 × 3 × 19. வேறொருவர் முதலில் 3ஆல் வகுத்து 171 என்று தொடங்கலாம். இன்னொருவர் 19ஆல் வகுத்து 27 என்று தொடங்கலாம். எவ்வழியில் சென்றாலும் இறுதியில் மூன்று 3களும் ஒரு 19உமே கையில் நிற்கும். 1ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு முறையில்தான் எழுத முடியும். அவற்றின் வரிசை மட்டுமே மாறலாம். பகா எண்ணாக இருந்தால் அது தானே தனித்து நிற்கும். எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று இதைக் கூறுவர். 1ஐப் பகா எண்ணாக ஏற்றுக்கொண்டால், 513ஐ 1 × 3 × 3 × 3 × 19 என்றும், 1 × 1 × 3 × 3 × 3 × 19 என்றும் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். ஒரே முறை என்னும் சிறப்பு சிதைந்துவிடும். ஆகையால்தான் 1 வெளியே நிறுத்தப்பட்டது.

மீண்டும் 60க்கு வருவோம். 60 = 2 × 2 × 3 × 5. அதன் காரணி ஒன்றை உருவாக்க, 2ஐ எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம் அல்லது இருமுறை எடுக்கலாம். இது மூன்று வாய்ப்பு. 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம், 5க்கும் அப்படியே. ஆக 3 × 2 × 2 = 12 காரணிகள். இங்கு 5க்குப் பதிலாக 7ஐ வைத்தால் 2 × 2 × 3 × 7 = 84 கிடைக்கும். அதற்கும் 12 காரணிகளே. எண் பெரிதாகியும் காரணிகளின் எண்ணிக்கை கூடவில்லை. சிறிய எண்ணில் நிறையக் காரணிகள் வேண்டுமென்றால் சிறிய பகா எண்களை இடைவெளியின்றி வரிசையாகப் பயன்படுத்த வேண்டும். 60க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை; அதிகபட்சம் 48க்கு 10 காரணிகள் உள்ளன.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்களுக்கு மிகு பகு எண்கள் என்று பெயர் சொல்லலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 எனச் செல்லும் இவ்வரிசையை ஆழமாக ஆராய்ந்தவர் மற்றொரு ஜார்ஜ்டவுனில் வாழ்ந்த ஒரு கணக்கர். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பழைய வணிகப் பகுதிக்கும் ஜார்ஜ் டவுன் என்றே பெயர். அங்கே சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்து, 1912ஆம் ஆண்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குத் துறைமுகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் சீனிவாச இராமானுஜன். ஈரோட்டில் 1887இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் நாட்டம் செல்லாததால் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றவர்.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதர் ஜி. எச். ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகள் அடங்கிய கடிதத்தை அனுப்பினார். பகா எண்கள் எத்தனை என்று கணிப்பது பற்றி அவர் கூறியிருந்த சில முடிவுகள் துல்லியமானவை அல்ல என்று பின்னர் தெரியவந்தது. ஆயினும் கடிதத்தின் மற்றப் பகுதிகள் ஹார்டியை வியக்க வைத்தன. அடுத்த ஆண்டு இராமானுஜன் இங்கிலாந்து சென்றார். மிகு பகு எண்களைப் பற்றி 1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. தேர்வில் தோற்றவருக்கு ஆய்வினால் கிடைத்த பட்டம் அது. அக்காலத்தில் லண்டன் கணிதச் சங்கம் பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிடாமல் விட நேர்ந்தது. விடுபட்ட பகுதி 1997இல்தான் அச்சேறியது. கணினி இல்லாத காலத்தில் கையாலேயே அவர் தயாரித்த நீண்ட பட்டியலில் 293318625600 என்ற ஓர் எண் மட்டும் இடம்பெறாமல் போயிருக்கிறது.

பகு எண்களுள் 60 இப்படிச் செழிப்பாக இருக்க, அதன் இருபுறமும் உள்ள அண்டை எண்கள் நேர்மாறானவை. 59ம் பகா எண். 61ம் பகா எண். பெரிய எண் ஒன்று பகா எண்ணா என்று எப்படிச் சோதிப்பது? மலாயா சுதந்திரம் பெற்ற 1957ஐ எடுத்துக்கொள்ளலாம். பார்வைக்கு அது பகா எண் போலவே தோன்றும். ஒற்றைப்படை எண், ஆகவே 2 வகுக்காது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 22. ஆகவே 3 வகுக்காது. 5இல் முடியவில்லை. 7ஆல் வகுத்தால் மீதி 4. 11க்கு மீதி 10. 13க்கு மீதி 7. 17க்கு மீதி 2. இந்த இடத்தில் பலர் களைத்துப்போய்ப் பகா எண் என்று எழுதிவிடுவார்கள். 19ஆல் வகுத்தாலோ மீதியின்றி 103 கிடைக்கிறது. எனவே 1957 = 19 × 103, ஒரு பகு எண்.

எதுவரை சோதிக்க வேண்டும் என்பதற்கு எல்லை உண்டு. 44 × 44 = 1936; 45 × 45 = 2025. 1957க்கு 44ஐவிடப் பெரிய காரணி ஒன்று இருந்தால், அதன் இணையாக வரும் காரணி கட்டாயம் 44க்கு மேற்படாமல் இருக்கும். ஆகையால் 43 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஜார்ஜ்டவுன் நிறுவப்பட்ட 1786ஐயும் இவ்வாறு பிரித்துப் பார்த்தால் 2 × 19 × 47 என்று வருகிறது. இரண்டு ஆண்டுகளிலும் 19 இருப்பது தற்செயல்தான். சோதிடம் தேட வேண்டியதில்லை. மலேசியா உருவான 1963உம் பகு எண்ணே. அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது மாணவர்களுக்குரிய வேலை.

எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அரிதாகின்றன. அப்படியானால் ஓர் இடத்தில் அவை தீர்ந்துபோகுமா? தீர்ந்துபோகா என்று 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் யூக்ளிட் நிறுவினார். இருக்கும் பகா எண்கள் 2, 3, 5, 7, 11, 13 ஆகியவை மட்டுமே என்று ஒருவர் சாதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றையெல்லாம் பெருக்கி 1ஐக் கூட்டினால் 30031. இதை அந்த ஆறு எண்களில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே 30031 தானே பகா எண்ணாக இருக்க வேண்டும்; இல்லையெனில் பட்டியலில் இல்லாத வேறொரு பகா எண்ணால் வகுபட வேண்டும். இங்கு நடப்பது இரண்டாவது: 30031 = 59 × 509. மணிக்கூண்டின் அண்டை எண்ணான 59 இங்கே வந்து நிற்கிறது. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் இதே வாதம் அதை முறியடிக்கும். 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் குறைந்தது ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்றும் தெரிந்திருக்கிறது. ரஷ்யக் கணிதர் செபிஷேவ் முதலில் நிறுவிய இந்த உண்மைக்கு 1919இல் இராமானுஜன் மிகச் சுருக்கமான நிறுவல் ஒன்றை எழுதினார். 30க்கும் 60க்கும் இடையில் 31, 37, 41, 43, 47, 53, 59 என ஏழு பகா எண்கள் உள்ளன.

நெடுங்காலம் இவையெல்லாம் கணித ஆர்வலர்களின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டன. 1977இல் அந்த நிலை மாறியது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் அமெரிக்காவில் பகா எண்களைக் கொண்டு இரகசியச் செய்திகளைப் பூட்டும் முறை ஒன்றை உருவாக்கினர். அதன் அடிப்படை எளிமையானது. இரண்டு பகா எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்குத் தொகையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் கடினம். 37ஐ 97ஆல் பெருக்கினால் 3589 என்று சில விநாடிகளில் சொல்லலாம். 3589ஐ மட்டும் கொடுத்தால், 2 முதல் வரிசையாக வகுத்துப் பார்ப்பவருக்குப் பன்னிரண்டாம் முயற்சியில்தான் 37 சிக்கும். எண்கள் நூறு இலக்கங்களைத் தாண்டும்போது இந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமானது.

இந்தப் பூட்டை அலட்சியமாகச் செய்தால் அது எளிதில் உடையும். 59 × 61 = 3599. இதைப் பிரிக்க வகுத்தல் எதுவும் தேவையில்லை. 3599 என்பது 3600இலிருந்து 1 குறைவு. அதாவது 60 × 60 − 1. படிவம் இரண்டில் படிக்கும் இயற்கணிதப்படி அது (60 − 1) × (60 + 1). நெருக்கமான இரண்டு பகா எண்களைத் தேர்ந்தெடுத்தால் அவை இவ்வாறு காட்டிக்கொடுக்கப்படும் என்பதால், பூட்டு அமைப்பவர்கள் ஒன்றுக்கொன்று போதிய இடைவெளியுள்ள எண்களையே தேடுகின்றனர்.

1977இல் 129 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று ஓர் அறிவியல் இதழில் வெளியிடப்பட்டு, அதைப் பிரிப்பவருக்கு 100 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 17 ஆண்டுகளில், 1994இல், ஏறக்குறைய 600 தன்னார்வலர்கள் இணையம் வழியாகத் தங்கள் கணினிகளை ஒன்றுசேர்த்து அந்த எண்ணை 64 இலக்கப் பகா எண்ணாகவும் 65 இலக்கப் பகா எண்ணாகவும் பிரித்துவிட்டார்கள். கணினிகள் மட்டும் வேகம் பெறவில்லை. காரணிப்படுத்தும் முறைகளும் முன்னேறியிருந்தன. 2020இல் 250 இலக்க எண் ஒன்றும் பிரிக்கப்பட்டது. அதற்கு ஒரே ஒரு செயலி மட்டும் உழைத்திருந்தால் ஏறத்தாழ 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும். இன்று இம்முறையில் பொதுவாகப் பயன்படும் எண்கள் 617 இலக்கங்கள் கொண்டவை. நாசி கண்டார் கடையில் கைப்பேசியால் பணம் செலுத்துவது, வங்கிக் கணக்கை இணையத்தில் திறப்பது போன்றவற்றைப் பாதுகாக்கும் முறைகளில் பெரிய பகா எண்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. யாராவது விரைவாகக் காரணிப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தால், இம்முறையால் பூட்டப்பட்டவை அனைத்தும் திறந்துகொள்ளும். அத்தகைய வழியே இல்லை என்று இதுவரை யாரும் நிறுவவுமில்லை.

ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பது, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பதைவிட எளிதான வேலை. காரணியைக் காணாமலேயே, காரணி உண்டு என்று மட்டும் சொல்லிவிட முடியும். இதற்கு விரைவான, ஒருபோதும் பிழைக்காத முறை ஒன்றை 2002இல் இந்தியாவின் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் வெளியிட்டனர். பின்னவர் இருவரும் இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த மாணவர்கள்.

59, 61 போல இரண்டே எண் இடைவெளியில் அமைந்த இணைகளுக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயர். 11, 13 ஓர் இணை. 17, 19 ஓர் இணை. 29, 31 ஓர் இணை. பகா எண்கள் முடிவற்றவை என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரிந்துவிட்டது. இரட்டைப் பகா எண்களும் முடிவற்றவையா என்னும் கேள்விக்கு இன்றும் விடை இல்லை. நெடுங்காலம் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்காமல் அமெரிக்காவில் விரிவுரையாளராக இருந்த ஈத்தாங் சாங் என்னும் சீனக் கணிதர், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், 2013இல் ஒரு பெரும் படியைத் தாண்டினார். 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் இணைகள் முடிவில்லாமல் உள்ளன என்று அவர் நிறுவினார். 2ஐ எட்ட வேண்டிய இடத்தில் 7 கோடி என்பது கேலியாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு முன் எந்த எல்லையும் நிறுவப்பட்டிருக்கவில்லை. பல நாட்டுக் கணிதர்கள் உடனே அவருடைய முறையைச் செம்மைப்படுத்தத் தொடங்கினர். அடுத்த ஆண்டுக்குள் அந்த இடைவெளி 246ஆகக் குறைந்தது.